நீலப் பெட்டிக்குள் மூன்று பொட்டு

கார்த்திகை மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, காருக்கென்று வாங்கி வந்த புது ஏ.சி. பில்டரின் பெட்டியைத் திறந்தேன். நீலப் பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீல் கிழியாமல் இருந்தது. உள்ளே கண்ணாடிப் பொலித்தீன் உறையும் சரியாக இருந்தது. பில்டரை வெளியே எடுத்து ஓரத்தை விரலால் தடவினேன். ஒரு மூலையில் வெள்ளைக் கடதாசிப் பட்டி சற்றுக் கிளம்பியிருந்தது. உரித்தேன். அதற்கடியில் என் மனைவி புஸ்பம் போட்ட பொட்டு மூன்றும் இருந்தன.

பெட்டி புதிது. சீல் புதிது. பொட்டு மட்டும் ஒன்பது மாதப் பழசு.

கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. எதையும் நேரம் குறித்து வைக்கிற எனக்கு அந்த இடைவெளி மட்டும் கணக்கில் இல்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நாங்கள் இருப்பது வவுணதீவில். புஸ்பம் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. போகவர அறுபது கிலோமீற்றருக்கு மேல். நான் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் இருக்கும் சின்ன ஜப்பான் காரில் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டு, பகல் இரண்டு மணிக்கு ஏற்றி வருவது என் வேலை.

புஸ்பத்துக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருக்கிறது. போன தை மாதம் எங்கள் வயல்வட்டையில் அறுவடை தொடங்கிய கிழமை, நெல் வெட்டும் மெசினுக்குப் பின்னால் கார் மாட்டிக்கொண்டது. கண்ணாடி நான்கும் பூட்டித்தான் இருந்தன. ஆனாலும் நெல்லுச் சுணை ஏ.சி. வழியாக உள்ளே வந்து முகத்தில் கடித்தது. பத்து நிமிடத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. வாய்க்குள் அடிக்கும் மருந்துப் பம்ப் அடித்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக டொக்டர் துண்டு எழுதும்போது சொன்னார்.

“டீச்சர், இன்னொருக்கா இப்பிடி வந்தா வேலையை விடச் சொல்லித்தான் எழுதுவன். இது விளையாட்டில்ல.”

“வேலையை விட்டுட்டு வீட்ட இருந்தா இவர் என்னய நேரசூசி போட்டு நடத்துவார் டொக்டர். அதுக்கு முட்டே பரவாயில்ல” என்றாள் அவள். டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம். அதுவரை அந்தக் காருக்குள் அவள் மூச்சு விட வேண்டும்.

கராஜ் வைத்திருக்கும் நிதுர்ஷன் டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த பழைய பில்டரை இழுத்தான். உமியும் வைக்கோலும் செத்த வண்டும் கொட்டின.

“அண்ணன், இது பில்டரா கோழிக்கூடா? கடைசியா எப்ப மாத்தின?”

“அப்பிடி ஒரு சாமான் இருக்கெண்டே இப்பதான் தெரியும்.”

“காத்தான்குடியில இர்ஷாத் நானாட கடையில நீலப் பெட்டி கேளுங்க. இப்ப எல்லாரும் அதான் போடுறாங்க.”

இர்ஷாத்தின் உதிரிப்பாகக் கடையில் பெட்டியை வாங்கி, அதில் எழுதியிருந்ததையெல்லாம் அங்கேயே நின்று வாசித்தேன். மொத்தம் ஐந்து வாக்குறுதிகள். ஒன்று, தூசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதத்தைத் தடுக்கும். இரண்டு, நுண்கிருமிகளைக் கொல்லும். மூன்று, கரி அடுக்கு புகையையும் மணத்தையும் உறிஞ்சும். நாலு, ஆறு மாதம் உழைக்கும். ஐந்து, முட்டு நோயாளர்களுக்கு வைத்தியர்கள் சிபாரிசு செய்வது.

“தம்பி, தொண்ணூற்றொன்பது வீதம் எண்டு போட்டிருக்கு. எந்தத் தூசி?”

“எல்லாத் தூசியும்தான் சேர்.”

“நெல்லுச் சுணையும் தூசி, சீமெந்தும் தூசி, டீசல் புகையில வாறதும் தூசி. எல்லாம் ஒரே அளவில்லையே. எந்த அளவுத் தூசியில தொண்ணூற்றொன்பது?”

இர்ஷாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சேர், நீங்க பில்டர் வாங்க வந்தீங்களா, என்னய விசாரணைக்கு எடுக்க வந்தீங்களா?”

“வைத்தியர்கள் சிபாரிசு எண்டும் கிடக்கு. ஆர் அந்த வைத்தியர்? பெயரில்லை.”

“அவர் லீவில சேர்” என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் தெரியாது சேர். ஏஜென்ட் கொண்டு வாறார், நான் விக்கிறன். நீங்க போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. உண்மையச் சொல்லுங்க. நானும் சனத்துக்கு அதையே சொல்லுறன்” என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வாங்கி வந்தேன்.

வீட்டில் புஸ்பம் பெட்டியைக் கண்டதும் மஞ்சள் கரைக்கப் போனாள். புதுச் சாமான் எதுவானாலும் அவளுக்குப் பொட்டு வைக்க வேண்டும். சோறு அவிக்கும் குக்கருக்கு வைத்தாள், போன் சார்ஜருக்கும் வைத்தாள். எப்போதும் மூன்று பொட்டு. மாமாங்கேஸ்வரருக்கு ஒன்று, ஊர்க் கண்ணகி அம்மனுக்கு ஒன்று, காலஞ்சென்ற அவளுடைய அப்பா கந்தப்போடிக்கு ஒன்று. விரலை ஒருதரம்தான் தோய்ப்பாள். அதனால் மூன்றாவது பொட்டு எப்போதும் சின்னதாக, மங்கலாக விழும்.

“இதுக்குமா? இது போய் டாஷ்போர்ட்டுக்குள்ள இருக்கப்போறது. ஆர் பாக்கிற?”

“என்ட மூச்சு இதுக்குள்ளாலதானே போகப்போகுது. அப்ப இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிற?”

பில்டரின் வெள்ளைத் துணி ஓரத்தில் மூன்றையும் வைத்தாள். நான் திகதியும் கிலோமீற்றரும் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஒரு படமும் எடுத்து வைத்தேன். பிறகு நிதுர்ஷன் பூட்டினான்.

அதன் பின் ஆறு மாதம் நான் சோதித்தேன். பெரிய கருவி ஒன்றும் என்னிடமில்லை. ஏ.சி. காற்று வரும் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை, எங்கள் பேச்சில் லேஞ்சியை, கட்டி, கிழமைக்கொருதரம் அவிழ்த்துப் பார்த்தேன். புதியது பூட்டுமுன் பில்டர் இல்லாமல் ஓடிய கிழமை கட்டிய லேஞ்சி மண்ணிறம். பில்டர் பூட்டிய பிறகு லேசான சாம்பல். லொறிக்குப் பின்னால் போகும்போது டீசல் மணம் குறைந்தது. வைக்கோல் எரிக்கிற புகை மட்டும் வந்தது. கிருமி செத்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் புஸ்பத்துக்குக் காருக்குள் ஒருநாள்கூட இழுக்கவில்லை.

ஆவணி மாதம் மாற்ற வேண்டிய நாள் வந்தபோது, இர்ஷாத் கேட்டபடி ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். முதல் பந்தியில், ஆறு மாதமாக என் மனைவிக்கு வாகனத்தில் முட்டு வரவில்லை என்று எழுதினேன். கீழே ஐந்து வாக்குறுதியையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலாவது பெருமளவு சரி, ஆனால் தொண்ணூற்றொன்பது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. இரண்டாவதைச் சோதிக்க முடியாது. மூன்றாவது பாதி சரி. நாலாவது சரி. ஐந்தாவது, பெயரில்லாத வைத்தியரின் சிபாரிசு செல்லாது, பெட்டியிலிருந்து நீக்க வேண்டும். கையெழுத்து, முகவரி, திகதி.

அன்றே இரண்டாவது நீலப் பெட்டியை வாங்கினேன். அதில் புதிதாக ஒரு ஸ்டிக்கர்: ‘இயற்கை மலர் மணத்துடன்’.

நிதுர்ஷன் பழையதைக் கழற்றிக் குப்பை வாளிப் பக்கம் நீட்டினான். புஸ்பம் பதறிப்போனாள்.

“மனே, மஞ்சள் வைச்ச சாமான். குப்பையோட போட்டுராத. கிழிச்சும் போட்டுராத. கால் படாத இடமாப் பாத்து வை.”

“சரி டீச்சர். அதிட பெட்டிக்குள்ளயே போட்டு மேல் தட்டில வைக்கிறன். சாமி அறையில வைக்கச் சொன்னாலும் வைப்பன், கராஜில சாமி அறை இல்ல.”

பெட்டியை நான்தான் கொடுத்தேன். சீலைக் கிழிக்காமல் கத்தியால் கிளப்பித் திறந்த பெட்டி, மூலை மடங்காமல் அப்படியே இருந்தது. பழைய பில்டர் அதற்குள் ஒழுங்காகப் போய் இருந்தபோது எனக்கும் ஒரு திருப்தி.

புதிய பில்டரிலிருந்து மல்லிகைப்பூ மணம் வந்தது. புஸ்பத்துக்குப் பிடித்தது. இந்தமுறை நான் லேஞ்சி கட்டவில்லை. அதுதான் சோதித்தாயிற்றே. ஒரு பெட்டியைச் சோதித்துவிட்டு எல்லாப் பெட்டிக்கும் கையெழுத்து வைத்தவன் நான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புரட்டாதியில் அவளுக்கு இருமல் தொடங்கியது. நான் ஒழுங்காகக் காரணம் தேடினேன். வீட்டுப் பூனையை அயலில் கொடுத்தேன். தலையணை மாற்றினேன். சாம்பிராணிக்குத் தடை போட்டேன். அவளுடைய பாடசாலைச் சோக்குத் தூளை விசாரித்தேன். பில்டரை மட்டும் விசாரிக்கவில்லை.

ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை. ஏற்றி வரும்போது ஆரையம்பதி தாண்டியதும் அவள் நெஞ்சில் கை வைத்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. பம்ப் அடித்தாள். பிறகும் அடித்தாள். உதடு நிறம் மாறத் தொடங்கியது.

“காத்து... காத்துக் காணாது...”

நான் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தேன். காற்று வரும் வாயை அவள் முகத்துக்கு நேரே திருப்பினேன். “நல்லா இழு, நல்லா இழு” என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது அவளுக்கு நினைவு தடுமாறியிருந்தது.

நாலு நாள் வார்ட்டில். மூச்சு வந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “டொக்டர் வேலையை விடச் சொல்லி எழுதிட்டாரா?” என்பதுதான். எழுதவில்லை. ஒரு மாத லீவு எழுதியிருந்தார். அந்த லீவு முடியும் திங்கட்கிழமைக்கு முன்னால் காரைச் சரிபார்த்துவிட வேண்டும் என்று, ஆறு மாதம் ஆகுமுன்பே மூன்றாவது நீலப் பெட்டியை வாங்கி வந்தேன்.

அதைத்தான் சனிக்கிழமை காலை மேசையில் திறந்தேன்.

“புஸ்பம், இஞ்ச ஒருக்கா வா.”

அவள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். குனிந்து பார்த்தாள். “எப்ப வைச்சன்? இப்பதானே பெட்டியத் திறந்தீங்க?”

“அதத்தான் கேக்கிறன். எப்ப வைச்ச?”

போனில் மாசி மாதப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதலாவது பொட்டு, அதற்கு ஒரு விரல் தள்ளி இரண்டாவது, ஓரத்தில் சரிந்து மங்கலாக மூன்றாவது. இடைவெளிகூட மாறவில்லை. நிறம் மட்டும் வேறு. படத்தில் மஞ்சள், மேசையில் செங்கல் நிறம்.

“சவர்க்காரம் பட்டிருக்கு” என்றாள் புஸ்பம். குரல் மிகவும் மெதுவாக வந்தது. “மஞ்சளில சவர்க்காரம் பட்டா இப்பிடித்தான் சிவக்கும். இதக் கழுவியிருக்கிறாங்க. கழுவிக் காய வைச்சு, மேல கடதாசி ஒட்டி...”

கரி அடுக்கு என்ற கறுப்புப் பக்கத்தை அவள் விரலால் தொட்டாள். விரல் கறுத்தது. அது கரியல்ல, அடித்த மை.

இருவரும் காருக்குப் போனோம். நானே டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றி இரண்டாவது பில்டரை வெளியே இழுத்தேன். ஓரப் பட்டியை உரித்தேன். அதற்கடியில் யாரோ பேனையால் எழுதிய ஒரு கார் இலக்கத்தின் பாதி, தேய்த்தும் போகாமல் கிடந்தது. எங்கள் இலக்கமல்ல. மடிப்புகளை விரித்தபோது மல்லிகை மணம் குப்பென்று வந்தது. அதன் பின்னால் ஈரச் சாக்கின் மணம். மடிப்பின் அடியெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

புஸ்பம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

“இதுக்குள்ளாலயா நான் மூண்டு மாசம் மூச்சு விட்டன்?”

எனக்கு ஆரையம்பதி ஞாபகம் வந்தது. அவள் முகத்துக்கு நேரே திருப்பிய காற்று வாய். முழு வேகம். நல்லா இழு, நல்லா இழு. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏ.சி.யக் கூட்டினது நான்தான் புஸ்பம்.”

அவள் என்னைப் பார்த்தாள். “நான்தானே காத்துக் கேட்டன்” என்றாள். பிறகு, “என்ட பொட்டு திரும்பி என்னட்டயே வந்திட்டுது. மத்தவங்கட சாமான் ஆரிட்டப் போயிருக்கும்? வாங்க, காரை எடுங்க” என்றாள்.

பில்டர் இருந்த ஓட்டைக்குள் ஒன்றும் பூட்டவில்லை. ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதலில் கராஜுக்குப் போனோம். நிதுர்ஷன் பொட்டைப் பார்த்ததும் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தான்.

“டீச்சர், சத்தியமா நான் எறியல்ல. நீங்க சொன்னபடி மேல் தட்டிலதான் வைச்சன்.”

“மறுகா எப்பிடி மனே இது புதுப் பெட்டியோட என்ட மேசைக்கு வந்த?”

“அந்த நீலப் பெட்டி ஏஜென்ட் மாசத்துக்கொருக்கா வாறவன். வெள்ளை வேன். பழைய பில்டர் எல்லாத்தையும் கம்பனி திருப்பி எடுக்குதாம், சுற்றாடலுக்கு நல்லதாம் எண்டு சொல்லித்தான் கேட்டவன். பெட்டியோட இருந்தா இன்னும் நல்லம் எண்டான்.” அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. “நானும் அள்ளிக் குடுத்தன். நல்ல காரியமெண்டு நினைச்சு, கிழிஞ்சு போகாம அடுக்கியெல்லாம் குடுத்தன் டீச்சர்.”

“பெட்டியக் கிழியாம குடுத்தது நான்” என்றேன்.

“கிழிக்காத எண்டு சொன்னது நான்” என்றாள் புஸ்பம்.

வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது அவள் பம்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி வந்தாள்.

இர்ஷாத்தின் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். காசு மேசைக்குப் பின்னால் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், என் கையெழுத்தில் என் கடிதம். ‘ஆறு மாதமாக என் மனைவிக்கு வாகனத்தில் முட்டு வரவில்லை.’ அந்த முதல் பந்திக்குக் கீழே ஒரு கலண்டர் தொங்கியது. கலண்டரில் நீலப் பெட்டியின் படம். என்னுடைய ஐந்து விடயமும், நீக்க வேண்டும் என்ற வரியும் அந்தக் கலண்டருக்குப் பின்னால் இருந்தன.

“வாங்க சேர், வாங்க டீச்சர். டீச்சருக்கு இப்ப சுகமா?” என்ற இர்ஷாத், நான் மேசையில் வைத்த இரண்டையும் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

நான் திகதி வாரியாகச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார்.

“அல்லாஹ்வே. வல்லாஹி எனக்குத் தெரியாது சேர். சீலோட வாறதத்தானே நான் விக்கிறன்.”

“கையிருப்பில எத்தினை இருக்கு?”

பதினொரு பெட்டி இருந்தன. பதினொன்றையும் அவரே இறக்கினார். நின்றவர்கள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். முதலாவது பெட்டியில் ஓரப் பட்டியை உரித்தபோது மடிப்பிலிருந்து நெற்கூர் உதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு புறா இறகு. மூன்றாவது நல்லதாகத் தெரிந்தது. விரலால் தேய்த்ததும் மை வந்தது. ஐந்தாவதைப் பிரித்தபோது இர்ஷாத் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி?”

“இது எங்கட வேனிட சேர்.” ஓரத்தில் பச்சைப் பேனையால் பிறை போல ஒரு கோடு. “நான் அடையாளம் போடுறது. சித்திரையில கழட்டினது. இதே கடையில வித்து, இதே கடைக்கு வந்திருக்கு. இப்ப எங்கட வேனுக்குள்ள ஆரிட பில்டர நான் பூட்டியிருக்கன்? உம்மாவ அதிலதானே கிளினிக்குக்குக் கொண்டு போறன்.”

அவர் போனை எடுத்து ஏஜென்டுக்கு அடித்தார். இணைப்பில் இல்லை. மறுபடியும் அடித்தார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆர் ஆருக்கு வித்தீங்க?” என்று புஸ்பம் கேட்டாள்.

“மாத்துற நாள் ஞாபகப்படுத்த எண்டு நம்பர் எல்லாம் போனில கிடக்கு டீச்சர். ஆவணியில இருந்து வாங்கினவங்க முப்பத்தெட்டுப் பேர்.”

“அடிங்க. இப்பவே.”

முதல் அழைப்பு ஏறாவூரில் றஸீனா என்ற பெண்ணுக்கு. இர்ஷாத் ஸ்பீக்கரில் போட்டார். விடயத்தைச் சொல்லத் தொடங்கியதும் அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

“என்ன நானா கதைக்கிறீங்க? எங்கட வாப்பாக்கு நெஞ்சுச் சளி எண்டுதானே நான் தேடி வந்து வாங்கினன். அந்தச் சேரிட கடிதத்த நீங்கதானே வாசிச்சுப் பாருங்க எண்டு காட்டின. படிச்ச மனுசன், பொண்டாட்டிக்கே போட்டுப் பாத்து எழுதியிருக்கார் எண்டுதானே நம்பினன். வாப்பா ரெண்டு மாசமாச் சளியோட கிடக்கிறார்!”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடம் அரச அலுவலகத்தில் எழுதியவன். எழுதிய ஒரு வரிக்காக இப்படி நின்றதில்லை. போனுக்குக் கிட்டப் போனேன்.

“தங்கச்சி, அந்தக் கடிதம் எழுதினவன் நான்தான். நான் பாத்தது ஒரே ஒரு பெட்டி. அதுக்குப் பொறகு என்ட மனிசியும் வார்ட்டில கிடந்தா. இப்பவே அதக் கழட்டுங்க. ஒண்டுமில்லாம ஓடினாலும் பரவாயில்ல, அது வேணாம். வாப்பாவ டொக்டரிட்டக் காட்டுங்க. என்ட நம்பரையும் எழுதுங்க. என்ன ஏசிறதெண்டாலும் எனக்கு நேர ஏசுங்க.”

அவர் ஏசவில்லை. “உங்கட வைஃபுக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார். அது எனக்கு ஏச்சைவிடக் கடினமாக இருந்தது.

சுவரிலிருந்து கலண்டரையும் கடிதத்தையும் கழற்றினேன். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அதே மேசையில் இருந்து எழுதினேன். இன்ன திகதியிட்ட என் கடிதத்தை மீளப் பெறுகிறேன். நான் சோதித்தது ஒரு பெட்டியை மட்டும். நீலப் பெட்டி வாங்கியவர்கள் உடனே கழற்றி ஓரப் பட்டியை உரித்துப் பார்க்கவும். கழற்றும் பழையதை எவரிடமும் முழுதாகக் கொடுக்க வேண்டாம், உங்கள் கண் முன்னால் வெட்டவும். இந்தமுறை கீழே எதையும் எழுதாமல், மறைக்க முடியாதபடி பெரிய எழுத்தில் தாள் முழுவதையும் நிரப்பினேன்.

இர்ஷாத் பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று பில்டரை முறைப்பாட்டுக்கென்று நான் ஒதுக்கினேன். மீதியை அவர் ஒவ்வொன்றாக வெட்டிச் சாக்குக்குள் போட்டார். தன் வேனின் பிறைக் கோட்டை வெட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். பூஞ்சணம் பூத்ததை முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினார். கடைசியாகப் பொட்டு வைத்தது இருந்தது. அதை எடுத்தவர், பொட்டைக் கண்டதும் கத்தரிக்கோலைத் தாழ்த்தினார்.

“இது உங்கட சாமிக்கு வைச்ச சாமான் டீச்சர். நான் வெட்ட மாட்டன்.”

“அதையும் முறைப்பாட்டோட அனுப்புவம்” என்றேன். உண்மையில் எனக்கும் அதை வெட்டப் பார்க்க மனமில்லை. “முழுசா இருந்தா நல்லம். முக்கியமான சாட்சி.”

“முழுசா இருந்ததாலதானே திரும்பி வந்த” என்றாள் புஸ்பம்.

கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினாள். இர்ஷாத் தயங்கினார். “தாங்க தம்பி.” வாங்கினாள். குக்கர் பழுதான பிறகும் அதன் பொட்டு அழியும்வரை வெளியே போட விடாதவள் அவள். பில்டரை மேசையில் நிமிர்த்தி, மாமாங்கேஸ்வரரின் பொட்டுக்கு நேரே கத்தரியை வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்த மூச்சில் இன்னும் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. கடைக்குள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

வெட்டினாள். அடுத்து அம்மனின் பொட்டு. மூன்றாவதை, தன் அப்பாவுக்கு வைத்த அந்தச் சின்ன மங்கல் பொட்டை, இரண்டாகப் பிளந்தாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை வெட்டி முடித்துத் துண்டுகளை என் பக்கம் தள்ளினாள்.

“இந்தாங்க. இனி அனுப்புங்க. துண்டானாலும் சாட்சி சாட்சிதான்.”

பிறகு இர்ஷாத்தின் பக்கம் திரும்பி, “அடுத்த நம்பர அடிங்க” என்றாள்.